நஷ்டக் கணக்கும் சர்வகலாசாலைக் கல்வியும்

(சங்கத்தின் கல்வி நிதி ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)

   

இன்று மாலை நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் சற்று வறண்டது. நிதி இடர் மேலாண்மை என்றும், டெரிவேடிவ் என்னும் சார்பு ஒப்பந்தங்கள் என்றும் இப்பொழுது சர்வகலாசாலைகளில் போதிக்கப்படும் பாடத்தைக் குறித்துச் சில வார்த்தைகள் சொல்லவேண்டுமென்று காரியதரிசி அவர்கள் கட்டளையிட்டார்கள். கட்டளைக்குக் காரணமும் உண்டு. இவ்வாண்டு கல்வி நிதிக்கு வந்த விண்ணப்பங்களுள் மூன்று, இப்பாடத்தில் முதுநிலைப் பட்டம் பெறுவதற்கு உதவி கோரியவை. அவற்றைப் பரிசீலித்த கமிட்டியில் பெரியவர் ஒருவர், "சூதாட்டம் கற்பதற்கா சங்கத்துப் பணம்?" என்று கேட்டாராம். அப்பெரியவர் இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்கள் கேட்டது எள்ளி நகையாடத்தக்க கேள்வியன்று. இருபது வருஷங்களாக இப்பாடத்தைப் போதித்துச் சம்பளம் வாங்குகிறவன் என்ற முறையில், அதற்கு விடை சொல்லும் கடமை முதலில் என்னைச் சார்ந்தது. விடையில் பாதி அவர்கள் பக்கமாகவே இருக்கும் என்பதை இப்பொழுதே சொல்லிவிடுகிறேன்.

முதலில் அந்தப் பாதியை முடித்துக்கொள்வோம். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி என்னும் சர்க்கார் ஸ்தாபனம் 2024-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டது. 2022 முதல் 2024 வரை முடிந்த மூன்று நிதியாண்டுகளில், பங்குகளையும் பங்குக் குறியீடுகளையும் சார்ந்த டெரிவேடிவ் வியாபாரத்தில் இறங்கிய தனி நபர்களில் நூற்றுக்கு 93 பேர் நஷ்டமடைந்தார்கள். அவர்களனைவரும் சேர்ந்து இழந்த தொகை 1 லட்சத்து 80 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேற்பட்டது. 2025-ஆம் ஆண்டு ஜூலையில் வெளியான அடுத்த ஆராய்ச்சி, 2024-25 என்ற ஒரே நிதியாண்டில் நூற்றுக்கு 91 பேர் நஷ்டப்பட்டதாகவும், இழந்த பணம் 1 லட்சம் கோடி ரூபாய்க்கு மேற்பட்டதாகவும் கூறியது. நூறு பேர் உள்ளே போய்த் தொண்ணூறு பேர் வெறுங்கையோடு திரும்பும் இடத்தை வியாபார ஸ்தலம் என்று அழைக்க எனக்கும் நா எழவில்லை.

நம் ஊர்ப்பக்கத்துப் பையன் ஒருவன் சென்ற வருஷம் என்னிடம் வந்தான். என் மாணவனல்லன்; எந்தக் கல்லூரியிலும் இதைப் படித்தவனுமல்லன். கைப்பேசியில் யாரோ சொல்லிக்கொடுத்ததைக் கேட்டு, வாரந்தோறும் ஆப்ஷன் விற்று வந்தான். முப்பத்தொரு வாரம் தொடர்ந்து லாபம். முப்பத்திரண்டாவது வாரத்தில் ஒரே நாளில் அந்த லாபமும் போயிற்று. அவனுடைய அப்பச்சி கடைக்கு வைத்திருந்த முதலும் போயிற்று. அவன் அழவில்லை. "சார், முப்பத்தொரு வாரம் என் கணக்கு சரியாகத்தானே இருந்தது?" என்று மட்டும் கேட்டான். அந்தக் கேள்விக்கு விடை சொல்வதற்கென்றே சர்வகலாசாலையில் இரண்டு வருஷப் பாடம் ஒன்று இருக்கிறது என்பதே இன்று நான் சொல்ல வந்த செய்தி.

டெரிவேடிவ் என்பது யாது? பிறிதொரு பொருளின் விலையைச் சார்ந்து தன் மதிப்பைப் பெறும் ஒப்பந்தம், அவ்வளவே. அப்பொருள் நெல்லாகலாம், பொன்னாகலாம், டாலராகலாம், வட்டி வீதமாகவும் இருக்கலாம். ஒப்பந்தங்களில் இரண்டு வகையை அறிந்தால் இன்றைக்குப் போதும். மூன்று மாதம் கழித்து இன்ன விலைக்கு நான் விற்பேன், நீ வாங்குவாய் என்று இருவரும் கட்டுப்படுவது முன்பேர ஒப்பந்தம். இருவரில் ஒருவருக்கு மட்டும் உரிமையும், மற்றவருக்கு மட்டும் கடமையும் இருக்குமாறு செய்துகொள்வது ஆப்ஷன். உரிமையை வாங்குகிறவன் அதற்கு ஒரு கட்டணம் கொடுக்கிறான். அவனுக்கு வரக்கூடிய பெரிய நஷ்டம் அந்தக் கட்டணமே. உரிமையை விற்கிறவன் கட்டணத்தை வாங்கிப் பையில் போட்டுக்கொள்கிறான். அவனுக்கு வரக்கூடிய பெரிய லாபம் அந்தக் கட்டணமே. நஷ்டத்துக்கோ பல சமயங்களில் எல்லையே இல்லை. இவ்விரண்டு வாக்கியங்களை மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். இனி நான் சொல்லப்போகும் துயரக் கதைகளில் பல, உரிமையை விற்றவன் தான் விற்றது இன்னதென்று அறியாமையால் நேர்ந்தவை.

இது வெள்ளைக்காரன் நேற்றுக் கண்டுபிடித்த மாயமன்று. கிரேக்க ஞானி தேல்ஸ், ஒலிவ மகசூல் மிகுதியாகும் என்று கணித்து, குளிர்காலத்திலேயே சிறு முன்பணம் கொடுத்து எண்ணெய்ச் செக்குகளைப் பேசி வைத்துக்கொண்ட கதையை அரிஸ்டாட்டில் எழுதியிருக்கிறார். ஜப்பானில் ஒசாகா நகரத்துத் தோஜிமா அரிசிச் சந்தையில் 1730-ஆம் ஆண்டிலேயே முன்பேர வியாபாரம் அரசாங்க அனுமதியோடு நடந்தது. நம் தேசத்தில் பம்பாய்ப் பருத்தி வியாபாரிகள் 1875-இல் இதற்கென்று சங்கம் அமைத்தார்கள். வடநாட்டுக் கடைவீதிகளில் வாயிதா என்றும், தேஜி மந்தி என்றும் வழங்கியவை இவைதாம். 1952-ஆம் ஆண்டுச் சட்டம் சரக்குகளில் ஆப்ஷனைத் தடுத்தது. 1969-இல் பங்குகளின் முன்பேர வியாபாரம் நிறுத்தப்பட்டது. பின்னர் 2000-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பங்குக் குறியீட்டு முன்பேர ஒப்பந்தங்கள் புதிய சட்டத்தின்கீழ் தொடங்கின. இடையிட்ட முப்பது வருஷத்தில் ஒரு தலைமுறை இதை மறந்தே போயிற்று. மறந்த வித்தையைத் திரும்பக் கற்கையில் ஆசான் இல்லாமல் கைப்பேசியில் கற்பதே இப்பொழுதைய சங்கடம்.

இனி இதன் நற்பயனை ஓர் உதாரணத்தால் காட்டுகிறேன். கணக்குக்காக எண்களை நானே வைத்துக்கொள்கிறேன். திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்யும் ஒருவருக்கு மூன்று மாதத்தில் 1 லட்சம் டாலர் வரவேண்டியிருக்கிறது. டாலர் இன்று 85 ரூபாய். கூலி, நூல், சாயம் எல்லாம் அவர் ரூபாயில் கொடுக்கவேண்டும். டாலர் 80-க்கு இறங்கினால் அவருடைய லாபம் முழுவதும் கரைந்துவிடும். ஆகவே பாங்கியுடன் பேசி, மூன்று மாதம் கழித்து 86 ரூபாய் வீதம் விற்பதாக இன்றே ஒப்பந்தம் செய்துகொள்கிறார். பிறகு டாலர் 80-க்கு இறங்கினாலும் அவருக்கு 86 கிடைக்கும்; 90-க்கு ஏறினாலும் 86 தான் கிடைக்கும். ஏறியபோது நஷ்டப்பட்டோமே என்று அவர் வருந்தினால், தாம் பனியன் வியாபாரி என்பதை மறந்துவிட்டார் என்று பொருள். வீடு தீப்பற்றவில்லையே, கட்டிய இன்ஷ்யூரன்ஸ் வீணாயிற்றே என்று யாரேனும் வருந்துவதுண்டோ? இதில் சூது எங்கே இருக்கிறது? ஒப்பந்தம் செய்யாமல் இருந்திருந்தால் அல்லவா அவர் டாலரின்மேல் பந்தயம் கட்டியவராவார்!

ஆனால் அதே திருப்பூரில் நடந்த மற்றொரு கதையையும் நீங்கள் அறியவேண்டும். 2007-ஆம் ஆண்டில் டாலரின் விலை சரிந்துகொண்டே வந்து, ஆண்டிறுதியில் 39 ரூபாய் அளவில் நின்றது. ஏற்றுமதியாளர்கள் கலங்கினார்கள். அப்பொழுது பாங்கிக்காரர்கள் சிலர், "கட்டணமே இல்லாத காப்பு" என்று ஒரு சரக்கைக் கொண்டுவந்தார்கள். கட்டணம் எப்படி இல்லாமற் போயிற்று? ஏற்றுமதியாளர் ஓர் உரிமையைப் பாங்கியிடமிருந்து வாங்கினார். அதற்கு ஈடாக, வேறோர் உரிமையைத் தம்மை அறியாமலே பாங்கிக்கு விற்றார். முன்சொன்ன எண்களிலேயே பாருங்கள். டாலர் இறங்கினால் 1 லட்சம் டாலரை 87 வீதம் விற்கும் உரிமை இவருக்கு. ஏறினாலோ 2 லட்சம் டாலரை 87 வீதம் கொடுக்கும் கடமை இவருக்கு. கையில் வருவது 1 லட்சம் மட்டுமே. டாலர் 95 ஆனால் மற்ற 1 லட்சத்தைச் சந்தையில் 95 கொடுத்து வாங்கி 87-க்குக் கொடுக்கவேண்டும். ஒரே ஒப்பந்தத்தில் 8 லட்சம் ரூபாய் நஷ்டம். உண்மையில் விற்கப்பட்ட சரக்குகள் இதனினும் சிக்கலானவை. அவற்றுள் பல டாலருக்கும் சுவிட்சர்லாந்து பிராங்குக்கும் இடையேயுள்ள விலையைச் சார்ந்திருந்தன. சுவிட்சர்லாந்துக்கும் திருப்பூர்ப் பனியனுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டவர்கள் தப்பினார்கள். 2008-ஆம் ஆண்டு மார்ச்சில் டாலர் ஒரு பிராங்குக்கும் கீழே இறங்கியபோது, அந்தப் பக்கமாகக் கட்டுப்பட்டவர்கள் அகப்பட்டார்கள். அவ்வாண்டின் இறுதிக்குள் ரூபாயும் திரும்பி, டாலர் 50 ரூபாயை எட்டியது. மறுபக்கம் கட்டுப்பட்டவர்களும் அகப்பட்டார்கள்.

விவகாரம் கோர்ட்டுக்குப் போயிற்று. கோயம்புத்தூரைச் சேர்ந்த சர்க்கரை ஆலை ஒன்று, இவ்வொப்பந்தம் பந்தயமாதலால் சட்டப்படி செல்லாது என்று வாதித்தது. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 30-ஆம் பிரிவு பந்தய ஒப்பந்தங்களைச் செல்லாதவை என்கிறதல்லவா? 2008-ஆம் ஆண்டு அக்டோபரில் சென்னை ஹைகோர்ட்டு அவ்வாதத்தை ஏற்கவில்லை. 2011-ஆம் ஆண்டு ஏப்ரலில் ரிசர்வ் பாங்கி, டெரிவேடிவ் விஷயத்தில் விதிகளை மீறியதற்காக 19 பாங்கிகளுக்கு அபராதம் விதித்தது என்பது வேறு விஷயம். அந்த அபராதத்தால் ஆலை முதலாளிகளின் நஷ்டம் தீரவில்லை. கையெழுத்திட்டவன் படித்துப் பார்த்திருக்கவேண்டும் என்பதே வியாபார உலகத்தின் நியாயம். படித்துப் பார்த்தால் விளங்குவதற்கோ தனிப் படிப்பு வேண்டும். ஆடிட்டர் அறிவார் என்று நினைத்தார்கள். அக்காலத்தில் ஆடிட்டர்களிலும் அறிந்தவர் சிலரே.

இனி நம் கதைக்கு வருகிறேன். மனக்கஷ்டம் தரும் கதைதான். ஆயினும் இச்சபையில் பேசாமல் வேறு எங்கே பேசுவது?

நம் முன்னோர் கணக்கில் வல்லவர்கள். பெட்டியடிப் பையனாகக் கடையில் ஏறியவன் சில வருஷங்களில் வட்டியை மனக்கணக்காகவே சொல்லுவான். குறிப்பேடு, பேரேடு, ஐந்தொகை என்று அவர்கள் எழுதிய கணக்கு முறையை மேல்நாட்டு ஆராய்ச்சியாளர்களும் வியந்து எழுதியிருக்கிறார்கள். ரங்கூனில் கோயிலில் கூடி மாதந்தோறும் நடப்பு வட்டியை நிர்ணயித்தவர்கள் அவர்கள். கடன் கேட்டு வருகிறவன் நாணயமுள்ளவனா, நிலம் வில்லங்கமற்றதா, மகசூல் எப்படி என்றெல்லாம் ஆராய்ந்தே கொடுத்தார்கள். ஒவ்வொரு கடனையும் தனித்தனியே எடுத்துப் பார்த்தால், குற்றம் சொல்ல இடமேயில்லை.

ஆயினும் நடந்தது என்ன? 1930-ஆம் ஆண்டை ஒட்டி உலகமெங்கும் விலைவாசி சரிந்தபொழுது, பர்மா நெல்லின் விலை பாதிக்கும் கீழே போயிற்று. குடியானவன் வட்டி கட்ட இயலவில்லை, அசலும் நின்றது. வேறு வழியின்றி அடைமான நிலங்கள் நம்மவர் கைக்கு வந்தன. கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் ஜில்லாக்களில், 1930-இல் நூற்றுக்கு 6 ஏக்கராக இருந்த செட்டியார் நிலம் 1937-இல் நூற்றுக்கு 25 ஆயிற்று. இதைச் செல்வம் பெருகியதாக எண்ணுபவர் கணக்கறியாதவர். கடனாகக் கொடுத்த பணம், வாங்குவார் இல்லாத நிலமாக மாறி உறைந்துபோயிற்று. நிலத்தை இழந்த பர்மியருடைய கோபமும் நம்மேல் திரும்பியது. அவர்கள் நிலையில் இருந்தால் நமக்கும் கோபம் வந்திருக்கும். 1942-இல் ஜப்பானியர் வந்தார்கள். நம்மவர் பலர் மலைக்காட்டு வழியே கால்நடையாகத் திரும்பினார்கள். 1948-இல் சுதந்திர பர்மா சர்க்கார் நிலத்தைத் தேசியமயமாக்கச் சட்டம் செய்தது. அப்புறம் நம் வீடுகளில் மிஞ்சியவை தேக்குமரத் தூண்களும் பேரேடுகளும்.

இதற்கு விதி என்று பெயர் சொல்லுவோர் உண்டு. யுத்தம் என்போரும் உண்டு. யுத்தத்துக்கு முன்பே முதல் உறைந்துவிட்டது என்பதைத் தேதிகளே காட்டுகின்றன. இன்றைய பாடப் புத்தகங்களில் இதற்கு ஒரு பெயர் இருக்கிறது. கடன்பட்டவனுடைய சக்தியும், அவன் வைத்த ஈட்டின் மதிப்பும் ஒரே காரணத்தால் ஒரே சமயத்தில் வீழ்வதைத் 'தவறான திசை இடர்' என்கிறார்கள். குடியானவனுக்கு வருமானம் நெல்லிலிருந்து. நிலத்துக்கு மதிப்பும் நெல்லிலிருந்து. நம்மிடம் கடன் பெற்ற பக்கத்து ஊர்க் குடியானவனுக்கும் அதுவே. நமக்குப் பணம் கொடுத்த மற்றொரு செட்டியாருடைய முதல் முடங்கியிருந்ததும் அதே நெல்லில். ஆயிரம் பேருக்குக் கொடுத்த ஆயிரம் கடன் என்று பேரேடு காட்டியது. உண்மையில் அது நெல் என்ற ஒரே ஆசாமிக்குக் கொடுத்த ஒரே கடன்.

ஒசாகாவைப் போல ரங்கூனிலும் நெல்லுக்குச் சிறந்த முன்பேரச் சந்தை இருந்திருந்தால் நாம் தப்பியிருப்போமா என்று என் மாணவி ஒருத்தி வகுப்பில் கேட்டாள். தப்பியிருக்க மாட்டோம். அவ்வொப்பந்தங்கள் சில மாதங்களுக்கே உரியவை. வருஷக்கணக்கில் நீடித்த வீழ்ச்சிக்கு அவை ஈடுகொடா. ஆனால் நெல்லின் விலை பாதியானால் நம் ஐந்தொகை என்ன ஆகும் என்ற கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்திருந்தால், பணத்தில் ஒரு பங்கையேனும் வேறு தொழிலில் இட்டிருப்போம். சிலர் அவ்வாறு செய்யவும் செய்தார்கள். அந்த 1937-ஆம் ஆண்டிலேதான் எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் அவர்கள் இந்தியன் ஓவர்சீஸ் பாங்கியைத் தோற்றுவித்தார்கள். காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிடத்தும் ஒரே நாளில் கிளைகள் திறக்கப்பட்டன. அந்நியச் செலாவணியே அதன் முக்கிய நோக்கம்.

முன்னோரைக் குறை சொல்வதாக யாரும் எண்ணவேண்டாம். அக்காலத்தில் இந்தக் கணக்கு உலகில் எங்குமே உருவாகியிருக்கவில்லை. உருவான பின்பும் பெரிய மேதைகள் இதே பள்ளத்தில் விழுந்தார்கள். அமெரிக்காவில் வீட்டுக் கடன்களை ஆயிரக்கணக்கில் ஒன்றாகக் கட்டி, எல்லா வீடுகளும் ஒரே சமயத்தில் விலை இறங்கா என்று நம்பி விற்றார்கள். அக்கடன்கள் திரும்பாவிட்டால் தாம் கொடுப்பதாக ஏ.ஐ.ஜி. என்ற பெரிய இன்ஷ்யூரன்ஸ் கம்பெனி உறுதி விற்றது. எல்லா வீடுகளும் சேர்ந்தே இறங்கின. 2008-ஆம் ஆண்டு செப்டம்பரில் அமெரிக்க மத்திய பாங்கி 8,500 கோடி டாலர் கடன் கொடுத்து அக்கம்பெனியைத் தூக்கி நிறுத்தவேண்டியதாயிற்று. நெல்லுக்குப் பதில் வீடு. மற்றபடி அது நம் பர்மா கதையே.

ஆகவே சர்வகலாசாலையில் கற்பிக்கப்படுவது யாது என்று கேட்டால், லாபம் ஈட்டும் தந்திரம் அன்று. முதலில் கணிதம்: நிகழ்தகவு, புள்ளியியல், நுண்கணிதம். இதில் கால் ஊன்றாதவர் மேலே போகவே முடியாது. பத்தாம் வகுப்பிலிருந்தே கணிதத்தை அலட்சியம் செய்த பிள்ளைக்கு இப்பாடம் வேண்டாம் என்று பெற்றோரிடம் நான் வெளிப்படையாகவே சொல்லிவிடுவதுண்டு. அடுத்து விலை நிர்ணயம். இதன் அஸ்திவாரம் வட்டிக்கணக்கே ஆதலால் நம் பிள்ளைகளுக்கு எளிதில் படியும். பொன்னின் இன்றைய விலை 1,00,000 ரூபாய், வருஷ வட்டி நூற்றுக்கு 8 என்றால், ஒரு வருஷம் கழித்து ஒப்படைக்கும் பொன்னுக்கு இன்று பேசத்தக்க விலை, பாதுகாப்புச் செலவை நீக்கிப் பார்த்தால், 1,08,000. யாரேனும் 1,12,000 தருகிறேன் என்றால், கடன் வாங்கிப் பொன்னை இன்றே வாங்கிவைத்து அவனுக்கு விற்க ஒப்புக்கொள்ளலாம்; 4,000 ரூபாய் கவலையற்ற லாபம். பலரும் அப்படிச் செய்வதால் விலை தானே 1,08,000-க்கு வந்து நிற்கும். இந்த ஒரு யுக்தியை வைத்துக்கொண்டே ஆப்ஷனுக்கும் விலை காணலாம் என்பதை பிளாக், ஷோல்ஸ் என்ற இருவரும், மெர்ட்டன் என்பவரும் 1973-ஆம் ஆண்டில் நிரூபித்தார்கள். அதற்கும் 73 வருஷம் முன்னே பாரிஸில் பஷெலியே என்ற மாணவர் தம் ஆராய்ச்சிக் கட்டுரையில் இவ்வழியில் பாதி தூரம் நடந்திருந்தார். அன்று அவரை மதித்தவர் சிலரே.

அடுத்தது இடரை அளக்கும் பகுதி. ஒரு பாங்கி தன் கையிருப்பைக் கணக்கிட்டு, 'நூறு நாளில் தொண்ணூற்றொன்பது நாள் நம் நஷ்டம் 1 கோடிக்கு மேற்படாது' என்று சொல்லும் அளவை ஒன்று உண்டு. கேட்பதற்கு ஆறுதலாக இருக்கும். நான் முதல் வகுப்பிலேயே மாணவர்களைக் கேட்பது இதுதான்: அந்த நூறாவது நாளில் நஷ்டம் எவ்வளவு? அளவை அதைச் சொல்லாது. 1 கோடியே 10 லட்சமாகவும் இருக்கலாம். கடையே மூழ்குவதாகவும் இருக்கலாம். வருஷத்தில் சந்தை நடக்கும் நாள் சுமார் 250. ஆகவே அப்படிப்பட்ட நாள் வருஷத்தில் இரண்டு மூன்று வந்தே தீரும். முப்பத்தொரு வாரம் லாபம் கண்ட பையனுக்கு விடை இங்கேதான் கிடைக்கிறது. அவன் விற்ற சரக்கு, பல வாரம் சிறு கட்டணம் தந்து, ஒரு வாரம் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளும் இயல்புடையது. முப்பத்தொரு வாரத்து லாபம் அவனுடைய கணக்கு சரியென்பதற்குச் சாட்சியன்று. அந்த ஒரு வாரம் இன்னும் வரவில்லை என்பதற்கு மாத்திரமே சாட்சி.

1762-இல் தோன்றிய பேரிங்ஸ் என்ற லண்டன் பாங்கியை 1995-இல் கவிழ்த்ததும் அதே சரக்கு. அதன் சிங்கப்பூர்க் கிளையில் நிக் லீசன் என்ற இளைஞர், ஜப்பானியப் பங்குக் குறியீடு அதிகம் ஏறாது, அதிகம் இறங்காது என்று நம்பி இருபக்கமும் ஆப்ஷன் விற்றிருந்தார். முன்பேரத்திலும் பெருந்தொகைக்கு வாங்கியிருந்தார். ஜனவரி 17-ஆம் தேதி கோபே நகரில் பூகம்பம் நேர்ந்தது. சந்தை சரிந்தது. நஷ்டம் 82 கோடி பவுனுக்கு மேல். பாங்கி ஒரே பவுனுக்கு விலைபோயிற்று. வியாபாரம் செய்கிறவரும் அதன் கணக்கைச் சரிபார்க்கிறவரும் அங்கே ஒரே ஆசாமியாக இருந்தார் என்பதை நம் மேலாள், அடுத்தாள் முறையில் பழகியவர்கள் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார்கள். நான் இதைப் பாடம் நடத்தும்போது கணிதத்தைவிட இந்தக் குறையையே அதிக நேரம் விளக்குவேன்.

கற்றவருக்கு எல்லாம் நலமாக முடியும் என்று சொல்லவும் நான் வரவில்லை. முன்சொன்ன ஷோல்ஸ், மெர்ட்டன் இருவரும் 1997-இல் நோபல் பரிசு பெற்றார்கள். அவர்கள் பங்காளிகளாயிருந்த லாங் டெர்ம் கேபிடல் மேனேஜ்மெண்ட் என்ற நிதி நிறுவனம், ருஷியா 1998 ஆகஸ்டில் கடனை நிறுத்திவைத்ததை அடுத்த சில வாரங்களில் வீழ்ந்தது. 14 ஸ்தாபனங்கள் சேர்ந்து சுமார் 360 கோடி டாலர் போட்டு அதை ஏற்றுக்கொண்டன. கடன் வாங்கிய பணத்தைப் பல மடங்காக நிறுத்தி விளையாடியதே அதற்குக் காரணம். பெரியவர் இதைக் கேட்டுத் தலையை ஆட்டுகிறார்கள், ஆட்டவேண்டியதுதான். எனினும் மருந்தைக் கற்ற வைத்தியர்களில் சிலர் நோயால் இறந்தார்கள் என்பதற்காக நாம் வைத்தியக் கல்லூரிகளை மூடுவதில்லை.

கமிட்டிக்கு என் விண்ணப்பம் இதுவே. மூன்று விண்ணப்பங்களையும் ஏற்றுக்கொள்ளுங்கள். அவற்றுள் இரண்டு பெண்மக்களுடையவை. எனக்கு அதில் விசேஷ மகிழ்ச்சி. நம் ஆச்சிமார் சீதனப் பணத்தை யாரிடம் எவ்வளவு, எத்தனை நாளைக்கு விடுவது என்று முற்றத்தில் அமர்ந்தபடியே தீர்மானித்ததை நான் சிறு வயதில் கண்டிருக்கிறேன். ஒரே வீட்டில் முழுத் தொகையையும் அவர்கள் விட்டதில்லை. உதவி கொடுக்கும்போது ஒரு நிபந்தனை மட்டும் எழுதி வாங்குங்கள். படிக்கும் காலத்தில் சொந்தப் பணத்திலோ அப்பச்சி பணத்திலோ ஆப்ஷன் விற்பதில்லை என்று அவர்கள் ஒப்புக்கொள்ளட்டும். மீறினால் உதவி நிற்கும் என்றும் எழுதுங்கள். நிபந்தனை கடுமையானதென்று மாணவர்கள் சிலர் முணுமுணுப்பது கேட்கிறது. பட்டம் பெற்றபின் பாங்கிகளிலும் ஏற்றுமதிக் கம்பெனிகளிலும் அவர்கள் காக்கப்போவது பிறருடைய பணம். பாங்கிகளும் தம் சிப்பந்திகளுக்கு இதைவிடக் கடுமையான கட்டுப்பாடுகளை விதிக்கின்றன.

கடைசியாக, சபையோர் எல்லோரிடமும் ஒரு யாசகம். பல வீடுகளில் இரண்டாங் கட்டு அலமாரிகளிலும் பரணிலும் பர்மாக் கடைப் பேரேடுகள் இன்னும் கிடக்கின்றன. எலி கடித்தவை போக மிஞ்சியவற்றை என்னிடம் சில மாதங்களுக்கு இரவல் தந்தால், மாணவர்களைக் கொண்டு படமெடுத்து, 1928 முதல் 1937 வரையுள்ள ஐந்தொகைகளை வரிசைப்படுத்தி, நெல்லின் விலை இறங்க இறங்க எந்தக் கடன் எந்த மாதத்தில் நின்றது என்று கணக்கிட உத்தேசித்திருக்கிறேன். பெயர்களை வெளியிடமாட்டோம், ஏடுகள் பத்திரமாகத் திரும்பி வரும். கொடுக்க விரும்புகிறவர்கள் இன்றிரவு சாப்பாட்டுக்குப் பின் காரியதரிசி அவர்களிடம் ஊரையும் வீட்டு விலாசத்தையும் எழுதிக்கொடுக்கலாம். நானே வந்து எடுத்துக்கொள்ளுகிறேன்.